தேர்தல் விளம்பரத்தைத் திருப்பிக் கொடுத்த விதம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மலரில் எழுதுகிற மற்றவர்கள் படித்தவர்கள், மேடையில் பேசுகிறவர்கள். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம். திருத்தணியில் பலருக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது. அப்படியே இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். சுதா விடவில்லை.

சுதா எங்கள் உள்ளூர் கேபிள் சேனலில் என்னிடம் வேலை பழகியவள். முதலாளி சேனலைக் கைமாற்றிக் கொடுத்து, நானும் வேலையை விட்ட பிறகு, அவள் செல்போனில் பார்க்கிற மாதிரி ஊர்ச் செய்திப் பக்கம் ஒன்று நடத்துகிறாள். கேபிள் ஆபரேட்டர்கள் சங்க ஆண்டு மலருக்கும் அவள்தான் பொறுப்பு. போன மாதம் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, எனக்கு வர்ற விளம்பரத்துல பாதி கட்சிக்காரங்களுதுதான். வேணாம்னு சொல்லவும் தெரியல, போடவும் பயமா கீது. நீங்கள்லாம் எப்டிக்கா வேணாம்னு சொன்னீங்க?"

"எங்கடி சொன்னோம்? டீ குடுத்தோம்" என்றேன்.

"அதையே எழுதுங்க" என்றாள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தட்டச்சு செய்ய. படத்துக்குக் கீழே ஓடும் வரியில் பிறந்தநாள் வாழ்த்து, காணாமல்போன பை, வாடகைக்கு வீடு என்று அடித்துக்கொண்டிருந்தேன். விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி நகரிக்குப் போனதும், என்னைக் கண்ணாடி அறைக்குள் தள்ளினார்கள். பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடி அது. பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஒருவர் சாயம் சரியாகப் பிடிக்காத துணிகளைக் கொடுத்திருந்தார். அவற்றை நாலு மடிப்பாக மடித்துச் சுவரெல்லாம் ஆணி அடித்திருந்தோம், எதிரொலி வராமலிருக்க. ஒலிப்பதிவின்போது மின்விசிறி ஓடக் கூடாது. வியர்வையும் புதுத் துணி வாசமும் கலந்த அந்தச் சின்ன அறையில், எதிரில் யாரும் இல்லாமல், மைக் மட்டும் இருந்தபோது எனக்கு வெட்கமே வரவில்லை. "பண்டிகைக்குப் புத்தாடை வாங்கிவிட்டீர்களா?" என்று ஊரையே கேட்டேன். பழகியது அவ்வளவுதான். மீதியெல்லாம் நைனாவிடம் கற்றது.

சேனல் முதலாளி முனிரத்தினத்தை நாங்கள் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் இல்லாமல் வெறும் "ஆங்". அந்த ஒரு "ஆங்"கிலும் பல வகை உண்டு. குட்டையாக வந்தால் சரி என்று பொருள். இழுத்து வந்தால் யோசிக்கிறார். மூக்கால் வந்தால் நீ சொன்னதை அவர் நம்பவில்லை. ஆன்டெனா கட்டுகிற ஆளாகத் தொழிலை ஆரம்பித்து, கம்பம் கம்பமாக ஏறி ஒயர் இழுத்துச் சேனல் வரைக்கும் வந்தவர். முதலாளியான பிறகும் சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர்தான் இருக்கும். ஏதாவது முடிவு செய்ய வேண்டுமானால் அந்த டெஸ்டரை எடுத்து மேசையில் தட்டிக்கொண்டிருப்பார். தட்டுவது நின்றால் முடிவாகிவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

தேர்தல் விளம்பரம் போடுவதில்லை என்று அவர் முடிவெடுத்தது மேசையில் இல்லை, கம்பத்தில். முன்பு ஒரு தேர்தலில், தேர்தல் அலுவலகத்தில் முறைப்படி அனுமதிச் சான்று வாங்கி வந்த ஒரு தரப்பின் விளம்பரத்தைப் போட்டோம். இன்னொரு தரப்பு சான்று வாங்கத் தாமதமாகி, போட முடியவில்லை. நாங்கள் ஒருபக்கம் சாய்ந்துவிட்டோம் என்று பேச்சு கிளம்பியது. மறுநாள் சாயங்காலம் சீரியல் நேரத்தில் யாரோ எங்கள் ஒயரை அறுத்துவிட்டார்கள். மூன்று தெருவில் டிவி போய்விட்டது. ஒயர் இழுக்கிற பையனை அனுப்பாமல் நைனாவே ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்த்துக் கட்டினார். திரும்பி வந்து எங்களிடம் சொன்னது இது:

"கம்பத்து மேல நிந்துகினு கீழ பாத்தேன். பொம்பளைங்கல்லாம் நிக்கறாங்க. இதுல யாரு எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியல. 'நைனா, அந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏறிச்சா இல்லையா'ன்னுதான் அல்லாரும் கேக்கறாங்க. இனிமே நமக்கு இந்த வேல வேணாம். சான்று வச்சிருந்தாலும் வேணாம், சொந்தக்காரன் ஆனாலும் வேணாம். தேதி அறிவிச்ச நாள்லேர்ந்து ஓட்டு எண்ற வரைக்கும் கடை விளம்பரம், கோயில், கல்யாணம். அவ்ளோதான்."

முடிவு சுலபம். அதை வருகிறவர்களிடம் சொல்வதுதான் வேலை. ஊர் சின்னது. விளம்பரம் கொண்டு வருகிறவர் நாளைக்கு மளிகைக் கடையில் எதிரில் நிற்பார். நைனா அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். யார் வந்தாலும் அதே பெஞ்சு. கீழே கடையிலிருந்து அதே டீ, கண்ணாடித் தம்ளரில். ஆளுக்கு இரண்டு உப்பு பிஸ்கட். ஆளுங்கட்சி என்று மூன்று பிஸ்கட் கிடையாது, சுயேச்சை என்று ஒன்று கிடையாது. பிறகு அவர்கள் கொண்டு வந்த பென்டிரைவைப் போட்டு, விளம்பரத்தை முழுக்கப் பார்ப்பார். எவ்வளவு நீளமானாலும் நடுவில் நிறுத்த மாட்டார், கைகளைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். நாங்களும் கூட நின்று பார்க்க வேண்டும், சிரிக்கக் கூடாது. முடிந்ததும் அதில் உண்மையாகவே நன்றாக இருக்கிற ஒன்றைச் சொல்லுவார். "வானம் நல்லா வந்துகீது", "அந்த மாடு அம்சமா நிக்குது" என்பது போல. பொய்யாகப் புகழ மாட்டார். ஒன்றுமே நன்றாக இல்லாத ஒரு விளம்பரத்தில் "எழுத்து தெளிவா கீது" என்றார்.

அதற்குப் பிறகுதான், "நம்மளுது வூட்டு சேனலுங்க. இது இங்க வேணாம். உங்க வூட்ல கல்யாணம், காதுகுத்து வந்தா கொண்டாங்க, மொத ஆளா நான் போடறேன்" என்பார். குரல் ஏறாது, இறங்காது.

திருப்பிக் கொடுக்கும்போது பென்டிரைவைச் சும்மா கொடுக்க விடமாட்டார். ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் எடுத்த தெப்பத் திருவிழாக் காட்சியை அதில் ஏற்றிக் கொடுக்கச் சொல்லுவார். முதல் முறை நான் ஏன் என்று கேட்டேன்.

"உன் வூட்டுக்குக் கொழம்பு வந்த கிண்ணத்த வெறுங்கிண்ணமாவா திருப்பிக் குடுப்ப? ஒரு புடி சக்கரையாவது போட்டுதான குடுப்ப. அது மாதிரிதான் இதுவும்."

விளம்பரம் போகாத வருத்தத்தோடு வீட்டுக்குப் போகிறவர், சரவணப் பொய்கையில் தெப்பம் மிதப்பதையும், கரையில் காவடியோடு நிற்கிற தன் மாமியாரையும் டிவியில் பார்த்துவிட்டால் கோபம் பாதி இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. சிலர் அதற்காகவே அடுத்த தேர்தலிலும் வந்தார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

குறுக்கு வழியில் வருகிறவர்களும் உண்டு. ஒரு கட்சிக்காரர் தன் குழந்தைக்குக் காதுகுத்து வாழ்த்து கொண்டு வந்தார். கல்யாணம், காதுகுத்து போடுகிறேன் என்று நைனாவே சொன்னதுதானே. படத்தில் தலைவர்கள் ஆறு பேர் பெரிதாக இருந்தார்கள், குழந்தை மூலையில் இருந்தது.

"காது யாருக்குக் குத்தறாங்க?" என்றார் நைனா.

"கொழந்தைக்குத்தான் நைனா."

"அப்போ அத மட்டும் போடுவோம்."

குழந்தையைத் தனியாக வெட்டி எடுத்தோம். அது கட்சி நிறத்தில் தொப்பி போட்டிருந்தது. டெஸ்டர் மேசையில் வெகுநேரம் தட்டியது. "கருப்பு வெள்ளையில போடு. நெறம் தெரியாது" என்றார். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கருப்பு வெள்ளையில், கீழே பெயரும் தேதியும் போட்டு ஓடவிட்டோம். அரை மணி நேரத்தில் குழந்தையின் அத்தை மாடிப்படி ஏறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"ஏன் நைனா, எங்க கொழந்த உசுரோட கீது. தொட்டில்ல தூங்கிகினு கீது. அதுக்குள்ள நீ கருமாதிக்குச் சேதி சொல்லிட்டியா? ஆர்.கே.பேட்டையிலேர்ந்து சம்பந்தி வூட்டு ஆளுங்க மாலையோட பஸ் ஏறிட்டாங்களாம்."

நைனா எழுந்து நின்று கும்பிட்டார். தொப்பியில்லாமல் முகம் மட்டும் தெரிகிற மாதிரி, கலரில், விழா முடியும் வரை காசு வாங்காமல் போட்டோம். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. என்னைப் பார்த்தால் "என்னச் சாவடிச்ச அத்த" என்று அறிமுகம் செய்து வைக்கிறது. வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது கஷ்டமான ஒன்றைச் சொல்கிறேன். சுதா கேட்டதே இதைத்தான்.

நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றவர்களில் ஒருவர் தேவராஜ் பாவா. என் அக்கா வீட்டுக்காரர். மாவு மில் வைத்திருக்கிறார். அவருக்குக் கிடைத்த சின்னம் இஸ்திரிப் பெட்டி. மில்லுக்கு வந்தவர்கள் எல்லாம் "இன்னா பாவா, மாவு அரைக்கறத வுட்டுட்டு துணி தேய்க்கப் போறியா?" என்று கேட்டுக் கேட்டு அவரைச் சோர்வாக்கியிருந்தார்கள். அக்கா வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரக்கணக்கில் வரமாட்டார். நான் வேலைக்குப் போன நாளெல்லாம் என் இரண்டு பெண்களும் அக்காவிடம்தான் சாப்பிட்டு வளர்ந்தார்கள். அந்த வீட்டில் என்னைப் பார்த்து முகம் சுளித்தால் எனக்கு வேறு வாசல் கிடையாது.

இந்த நேரம் பார்த்து நைனா, மகள் பிரசவத்துக்காகச் சித்தூர் போயிருந்தார். போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "யார் வந்தாலும் அதே டீ, அதே பிஸ்கட், அதே பேச்சு. நீதான் சொல்லணும்" என்றார்.

"எனக்கு வராதே நைனா."

"ஊருக்கே பேசற."

"அது மைக்ல."

"ஆங்" என்றார், மூக்கால். போய்விட்டார்.

அடுத்த வாரம் பாவா வந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மாவு வாசம். கூட அவர் நண்பர், ஆட்டோக்காரர் ஏழுமலை. நான் டீ சொன்னேன். பிஸ்கட் வைத்தேன். பென்டிரைவைப் போட்டு விளம்பரத்தை எல்லோரும் நின்று பார்த்தோம். பாவா மில்லுக்கு முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற பையன் மாதிரி கைகளைத் தொங்கவிட்டுப் பேசினார். பின்னால் மில் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

"எப்டி கீது?" என்றார்.

"சட்டை நல்லா வெள்ளையா கீது பாவா" என்றேன். அது உண்மை.

"அதான், குரல் வரல. நீ உன் குரல்ல சொல்லிட்டா போதும் கீதா. 'இஸ்திரிப் பெட்டி'ன்னு நீ ஒரு தரம் சொன்னா ஊரே போடும். உங்க அக்கா சொல்லிதான் வந்தேன். 'என் தங்கச்சி இல்லன்னு சொல்ல மாட்டா'ன்னு சொன்னா."

நைனாவின் வாக்கியம் மனப்பாடமாகத் தெரியும், வெளியே வரவில்லை. பாவா பார்த்துக்கொண்டே இருந்தார். சுதா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மின்விசிறியை நிறுத்தினேன், பழக்கத்தில். மைக்கைப் போட்டேன். வெளியே பெஞ்சுக்கு மேல் ஒலிபெருக்கி இருந்தது.

"அன்பார்ந்த பாவா அவர்களுக்கு வணக்கம்" என்றேன். என் விளம்பரக் குரல்தான் வந்தது, நகைக்கடைக்குப் பேசுவது மாதிரி. "எங்கள் சேனலில் தேர்தல் முடியும் வரை எந்த வேட்பாளருடைய விளம்பரமும் ஒளிபரப்பப்படுவதில்லை. தங்கள் விளம்பரத்தையும் போட இயலாது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் இல்லத்தில் நடைபெறும் சுபநிகழ்ச்சிகளுக்கு எங்களை அணுகவும். நன்றி, வணக்கம்."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாவா ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"வூட்டு ஆளுக்கே ஸ்பீக்கர்ல பதில் சொல்றாங்கப்பா" என்றார்.

பாவா சிரிக்கவில்லை. "உங்க அக்காவுக்கு நீயே சொல்லிக்கோ" என்று எழுந்துவிட்டார். சுதா முறைப்படி பென்டிரைவில் தெப்பக் காட்சியை ஏற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. பெண்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, "பெரியம்மா உன்னப் பத்தி ஒண்ணுமே கேக்கலம்மா" என்றார்கள். அக்கா என்னைப் பற்றிக் கேட்காமல் இருந்ததே இல்லை.

ஏழுமலையின் ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு பெரிய டிவியைக் கட்டி, மேலே இரண்டு ஸ்பீக்கர் வைத்து, அதில்தான் பாவா பிரசாரம் செய்துகொண்டிருந்தார். மறுநாள் அதில் பென்டிரைவைச் செருகியபோது, முதலில் இருந்த படம் எதுவோ அது ஓட ஆரம்பித்துவிட்டது. தெப்பம். எங்கள் சேனல் முத்திரையோடு. என் குரல் வர்ணனையோடு.

பாவா முதலில் நிறுத்தத்தான் சொன்னாராம். அதற்குள் தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. முந்தின நாள் வரை அவர் பேச்சுக்கு நின்று கேட்டது இரண்டு ஆடுகள் என்று ஏழுமலை சொல்லுவார். இப்போது வீட்டுக்கு வீடு வெளியே வந்துவிட்டார்கள். "அதோ எங்க அண்ணி", "அந்தப் பச்சப் பொடவை நான்தான்", "கொஞ்சம் பின்னால ஓட்டுப்பா, எங்க வூட்டுக்காரரு தெரியறாரு" என்று ஒரே கூட்டம். கூட்டத்தைப் பார்த்த பாவாவுக்கு நிறுத்த மனம் வரவில்லை. கே.ஜி.கண்டிகை ரோட்டுப் பக்கம் வரைக்கும் ஆட்டோ போனது. போன இடமெல்லாம் தெப்பம் மிதந்தது, என் குரல் பேசியது, பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி படம் தொங்கியது.

மத்தியானம் சங்கர் எங்கள் மாடிக்கு வந்தார். அதே வார்டில் நின்ற ஒரு கட்சி வேட்பாளரின் தம்பி. முந்தின வாரம் அவருக்கும் அதே டீயைக் கொடுத்து அனுப்பியிருந்தேன். அவருக்குச் சொல்லும்போது சுதாதான் பேசினாள்.

"எங்களுக்கு உப்பு பிஸ்கட்டு, உங்க பாவாவுக்கு உங்க குரலா?" என்றார். கோபமாக இல்லை, கேலியாகத்தான் கேட்டார், அது இன்னும் குத்தியது. "சாமிய வச்சி ஓட்டு கேக்கக் கூடாதுன்னு சட்டம் கீது மேடம். உங்க முத்திரை வேற ஓடுது. நான் தேர்தல் அதிகாரிக்குச் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரத்தில் அதிகாரி போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் படம் எங்களுடையதா, நாங்கள் ஒளிபரப்பக் கொடுத்ததா என்று கேட்டார். இன்றைக்குள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சேனல் மீதும் புகார் எழுதவேண்டி வரும் என்றார். மாசித் தேர் நேரலைக்கு நாங்கள் அனுமதி கேட்டிருந்த சமயம். வேட்பாளருக்குப் படம் கொடுத்த சேனல் என்று பெயர் எழுதிவிட்டால் யார் கோயில் வாசலில் கேமரா வைக்க விடுவார்கள்?

சித்தூருக்குப் போன் போட்டேன். நைனா முழுக்கக் கேட்டார். அந்தப் பக்கம் டெஸ்டர் எதிலோ தட்டுகிற சத்தம் கேட்டது, ஆஸ்பத்திரி பெஞ்சாக இருக்கும்.

"கிண்ணத்துல சக்கரை போட்டுக் குடுத்தது தப்பா நைனா?" என்றேன்.

"தப்பு இல்ல. நம்ம சக்கரைய அவரு பந்தியில பரிமாறிட்டாரு. அவ்ளோதான்."

"பாவாவுக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லிடட்டுமா?"

"போன்ல சொன்னா அது வூட்டுப் பேச்சு. தெருவுல ஓடிச்சி இல்ல? தெருவுலயே போய்ச் சொல்லு. நம்மகிட்ட பாரபட்சம் இல்லன்னு அல்லார் காதுலயும் வுழணும்."

"எனக்கு..."

"வராதுன்னு தெரியும். போ" என்றார். பிறகு, "எனக்குப் பேத்தி பொறந்துகீது. அதையும் ஸ்க்ரோல்ல போட்டுடு" என்று வைத்துவிட்டார்.

பேத்தி பிறந்த வரியை ஓடவிட்டு, சுதாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். ஆட்டோ அப்போது எங்கள் தெரு முனைக்கே வந்திருந்தது. சாயங்கால வெயில். பெண்கள் இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவா ஓரமாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, ஆனாலும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சங்கர் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றிருந்தார். கூட்டத்தின் நடுவில் அக்கா. என்னைப் பார்த்தாள், உடனே டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாவா, நிறுத்திடுங்க பாவா" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

"இன்னா?"

சுதா சொன்னாள்: "அதிகாரி சொல்லிட்டாருங்க. சேனலுக்கே ஆபத்து."

பாவா ஆட்டோவையும் கூட்டத்தையும் பார்த்தார். "இன்னைக்குத்தான்மா நாலு பேரு நிக்கறாங்க" என்றார் மெதுவாக. அதைக் கேட்டபோது எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. திரும்பினால் பின்னால் சங்கர் நிற்கிறார், முன்னால் அக்கா நிற்கிறாள். எங்கும் போக இடமில்லை. நான் ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பின்னால் டிவி மறைத்துக்கொண்டது, பக்கத்தில் படுதா. என்னை யாரும் பார்க்க முடியாது. ஏழுமலை ஒன்றும் கேட்காமல் மைக்கை என் கையில் கொடுத்தார். படத்தை நிறுத்தினார்.

"திருத்தணி வாழ் பெருமக்களுக்கு வணக்கம்" என்றேன்.

வெளியே ஒரு பெண், "ஏய், இது தெப்பத்துல பேசறவங்க குரலு" என்றாள். படத்தின் தொடர்ச்சி என்று நினைத்துச் சிலர் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"இதுவரை நீங்கள் பார்த்தது எங்கள் சேனலின் படம். இதற்கும் இந்த வேட்பாளருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எங்கள் சேனல் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு கேட்கவில்லை. இந்த வேட்பாளர் என் அக்காவின் கணவர். அவருக்கும் கேட்கவில்லை. இந்தப் படம் இத்துடன் நிறுத்தப்படுகிறது. தடங்கலுக்கு வருந்துகிறோம்."

மைக்கை வைத்தேன். பென்டிரைவைப் பிடுங்கிச் சுதாவிடம் கொடுத்தேன். வெளியே குடங்கள் நகரத் தொடங்கின. டிவி கருப்பாகிவிட்டால் யார் நிற்பார்கள்? அப்போது பாவா கையை நீட்டி மைக்கை எடுத்தார்.

"கேட்டீங்களா?" என்றார். கரகரப்பாகத்தான் வந்தது. "என் சொந்த மச்சினிச்சி. என் வூட்டு சோத்தச் சாப்ட்ட பொண்ணு. எனக்கு ஒரு வார்த்த சாதகமா பேச மாட்டேன்னு மைக் புடிச்சி சொல்லிட்டு கீறா. நேத்தும் ஸ்பீக்கர்லதான் சொன்னா. எங்க குடும்பத்துல இப்டித்தாம்பா, யாருக்கும் சலுகை கெடையாது. எனக்கே இல்லன்னா உங்க வார்டுல எவனுக்கு இருக்கும்? யோசிங்க. இஸ்திரிப் பெட்டி."

கூட்டம் சிரித்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். "அந்தப் பொண்ணு எங்கப்பா, இறக்கி வுடு பாக்கலாம்" என்று யாரோ கத்தினார்கள். நான் இறங்கவில்லை. சங்கர் டீக்கடையிலிருந்தே, "இதுவும் விளம்பரம்தான்" என்றார். அதிகாரிக்கு மறுபடி போன் செய்தும் பார்த்தார். ஒருத்தர் தன் மச்சினிச்சியைப் பற்றிப் பேசுவதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்று பதில் வந்ததாக அவரே பிறகு என்னிடம் சொன்னார். அப்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நைனா திரும்பி வந்ததும் கேட்டது ஒன்றுதான்: "சட்டை வெள்ளையா கீதுன்னு சொன்னியாமே? நல்லா சொன்ன." தெப்பக் காட்சி கொடுப்பதையும் அவர் நிறுத்தவில்லை. முத்திரையில்லாமல், குரலில்லாமல், வெறும் தெப்பமாக ஏற்றிக் கொடுக்கச் சொன்னார். வேலையை விடும் வரை அப்படியே செய்தேன்.

பாவா அந்தத் தேர்தலில் ஜெயிக்கவில்லை. ஆனால் யாரும் எதிர்பார்த்ததைவிட நிறைய வாங்கினார். அந்தப் பேச்சுதான் காரணம் என்று ஏழுமலை இன்றைக்கும் சொல்கிறார். பாவா ஒத்துக்கொள்வதில்லை.

அன்று சாயங்காலம் ஆட்டோவுக்குள் இருந்து நான் இறங்கும்போது தெருவில் யாரும் இல்லை. அக்கா எப்போது போனாள் என்று தெரியவில்லை. நான் வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தேன். பெண்களை அன்று அங்கே அனுப்பவில்லை. அனுப்பலாமா என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சின்னவளை உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டாள். தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்கி வை என்று என்னிடம் சொல்லிவிட்டு மில்லுக்குப் போனாள்.